மூடியாச்சு

இந்த அறையில் டியூப் லைட் துடிக்கிறது மேடம், கவனித்தீர்களா? பழகிப்போன கண்ணுக்குத் தெரியாது. ஆயுசில் பாதியை வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியே கழித்தவளுக்குத் தெரியாமல் போனால்தான் அதிசயம். சாயங்காலமானால் தலை வலிக்கிறது என்றீர்களே, அதற்கு மாத்திரை வேண்டாம். இதன் சோக்கை மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டேன். என் தங்கை கணவனுக்குக் கண் போன விபத்தைப் பற்றி ஒரு பாதுகாப்பு அதிகாரி எவ்வளவு பொறுமையாக எழுத முடியுமோ அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆய்வக மேசையின் படம்கூட அளவு பிசகாமல் இருக்கிறது. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம். போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். பேர் வாங்குவதற்காகச் சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். பேருக்கு அலைகிறவளாக இருந்திருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்.

திருத்துவதுதான் எங்கள் தொழில். நட்சத்திரம் மினுங்குகிறது என்கிறோமே, அது மினுங்குவதே இல்லை. நடுவில் இருக்கும் காற்று நடுங்குகிறது. வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே எதிரில் வரும் லாரி நெளிந்து தெரியுமே, அதே கூத்துதான் நம் தலைக்கு மேலும். எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் இந்தக் காற்று குறுக்கே நின்று படத்தைக் கலைத்துவிடும். அதற்காக ஒரு மெல்லிய கண்ணாடி வைத்திருக்கிறோம். உள்ளங்கை அகலம் இருக்கும். அதன் முதுகில் நூற்றுக்கணக்கான குட்டிக் கம்பிகள் ஒட்டியிருக்கும். நாங்கள் அவற்றை விரல் என்போம். மின்சாரம் கொடுத்தால் விரல் நீளும், அந்த இடத்தில் கண்ணாடி இம்மியளவு புடைக்கும். காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறதோ, அதற்கு நேர் எதிர்க் கோணலைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டால் ஒளி நேராகிவிடும். கண் இமைக்கிற நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் இதைச் செய்ய வேண்டும். காற்றின் கோணலை அளக்கப் பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். எல்லா இடத்திலும் அது கிடைக்காது. அதனால் மஞ்சள் லேசர் ஒன்றை மேலே பாய்ச்சி நாங்களே ஒரு பொய் நட்சத்திரத்தை உண்டாக்கிக்கொள்கிறோம். உங்கள் அறிக்கையில் வருவது அந்த லேசர்தான்.

என் தங்கை கணவனை ஆய்வகத்தில் எல்லாரும் கொக்கு என்பார்கள். நான் வைத்த பேர். ஆராய்ச்சி மாணவனாக வந்த புதிதில், ஓர் அளவை எடுக்க ஊரைச் சுற்றும் திட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "இது கொக்கு தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிக்கிற கதையால்ல இருக்கு தம்பி" என்றேன். வெண்ணெய் வெயிலில் உருகிக் கொக்கின் கண்ணை மறைக்குமாம், அதற்கப்புறம் அதைப் பிடிக்கலாமாம். வெண்ணெய் வைக்கப் போகிறபோதே பிடித்துவிட்டால் போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆள் நெட்டை வேறு. எதைப் பார்ப்பதானாலும் முதுகை வளைத்துக் கழுத்தை நீட்டித்தான் பார்ப்பான். பேர் ஒட்டிக்கொண்டது.

நல்ல பையன் மேடம். அதை நான் மறைக்க மாட்டேன். கெட்டிக்காரன், பணிவானவன், கை சுத்தம். ஆய்வகத்தில் தனியாகக் கிடக்கிறானே என்று நான்தான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளை வளர்த்து ஆளாக்கியது நான். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்கவில்லையே என்று உட்கார்ந்து அழவும் நேரம் இருந்ததில்லை. சாப்பிட வந்தவன் தங்கையைக் கேட்டான். அவளும் தலையை ஆட்டினாள். எனக்குச் சந்தோஷம்தான். கல்யாணக் கோட்டு தைக்க அவனைத் தையல்கடைக்குக் கூட்டிப் போனதும் நான்தான். டெய்லர் ஒவ்வோர் அளவாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன். தோள் உயரம், கழுத்து நீளம், எல்லாம். ஓர் அளவை என் கையால் எழுதிவிட்டால் எனக்கு அது மறப்பதில்லை.

அப்புறம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். என்னை அவனும் அக்கா என்றே கூப்பிட்டான். மாடி அறை அவர்களுக்கு, கீழ் அறை எனக்கு.

கண்ணாடியின் விரல்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தள்ளச் சொன்னால் தள்ளும், நிறுத்தச் சொன்னால் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் ஒரு வடிவம் கேட்போம், அது கொடுத்துவிட்டு ரகசியமாக வேறொரு வடிவத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். உலகம் முழுக்க எல்லாரும் இதோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை சோபாவிலிருந்து எழுந்து போனாள். அவள் உட்கார்ந்த பள்ளம் மெதுவாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வேகமாக வந்தது, அப்புறம் மெதுவாக, அப்புறம் வருகிறதா இல்லையா என்றே தெரியாதபடி. பக்கத்திலேயே முந்தின நாள் நான் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. அது முழுதாக மறையாமல் இருந்ததால், அவள் பள்ளம் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து எழுந்தது. எனக்குப் பொறி தட்டியது. விரல் ஊர்வது இப்போது தள்ளியதால் மட்டும் இல்லை, முன்பு தள்ளிய எல்லாவற்றையும் அது ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த ஞாபகத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே கழித்துவிட்டால் கண்ணாடி சொன்னபடி நிற்கும்.

அதைச் சமன்பாடாக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. தினம் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு விளக்குவேன். "ஒரு மெத்தைய வெச்சா இவ்வளவும் புடிச்சீங்க?" என்று வாயைப் பிளந்தான். சோதனை ஓட்டங்களை அவன் செய்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடி முதல் தடவை அசையாமல் நின்ற அன்று இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி கைதட்டினோம்.

மாநாட்டில் அவன்தான் பேசினான். எனக்கு மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது எல்லாருக்கும் தெரியும், அதனால் எனக்கு வருத்தமில்லை. தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் வந்த முதல் படத்தில் அவன் பேர் மட்டும் இருந்தது. கடைசிப் படத்தில் என் பேர் வரும் என்று நினைத்தேன். கடைசிப் படத்தில், வீட்டில் ஆதரவாக இருந்த மனைவிக்கும் அக்காவுக்கும் நன்றி என்று இருந்தது. மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக் கையைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னான். தங்கை எழுந்தாள், என் முழங்கையைப் பிடித்து என்னையும் எழுப்பினாள். அரங்கமே கைதட்டியது. நான் போட்ட கணக்குக்குக் கிடைத்த கைதட்டலுக்கு, அவனுக்கு நேரத்துக்குச் சோறு போட்ட பெண்மணியாக நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்தக் கும்பிடு இன்னும் என் கையில் கூசுகிறது.

திரும்பும்போது காரில் அவனே பேச்சை எடுத்தான். "டைரக்டர்தான்க்கா சொன்னார். ஒரே வீட்டுல ரெண்டு பேர் பேரும் இருந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களாம். அடுத்த பேப்பர்ல உங்க பேரை முதல்ல போட்டுடறேன்."

"பரவால்ல தம்பி" என்றேன்.

முன் சீட்டில் இருந்த தங்கை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வீட்டுக்குள்ளதானே இருக்கு, யார் பேர்ல இருந்தா என்னக்கா?"

அவளுக்கு எல்லாம் தெரியும் மேடம். நான் மேசையில் விளக்கியபோதெல்லாம் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கியவள் அவள். சோபாவிலிருந்து எழுந்து போனவளே அவள்தான்.

அடுத்த பேப்பர் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இப்போது எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அந்தக் கணக்குக்கு அவன் பேரைத்தான் சொல்கிறார்கள். நான் வேலைக்கு எடுத்த பொறியாளர் ஒருவன் என்னிடமே வந்து, கொக்கு சாருடைய முறையை எனக்கு விளக்கட்டுமா என்று கேட்டான். விளக்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னான். திருத்தினேன். "நீங்களும் அதைப் படிச்சிருக்கீங்களா மேடம்?" என்று ஆச்சரியப்பட்டான்.

பிறகு கடல் தாண்டிக் கட்டுகிற பெரிய தொலைநோக்கிக்கு அவனைத் தலைவனாக்கினார்கள். வீட்டில் இனிப்பு வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்கள். நானும் வருவதாக நினைத்து, என் குளிர் உடுப்பெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். "அங்க குவார்ட்டர்ஸ்ல ஒரே ஒரு பெட்ரூம்தான்க்கா. நீ லீவுல வந்து இருந்துட்டுப் போ" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் ஒருத்தன் என்றால், அதைப் பார்த்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டவள் ஒருத்தி. ஆனால் தங்கையின் மேல் ஒரு துரும்பு படவும் நான் சம்மதிக்க மாட்டேன். அவள் நான் வளர்த்த பிள்ளை.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். ஆய்வக வழக்கம் என்று நீங்கள் எழுதியிருக்கும் பகுதி அரைகுறையாக இருக்கிறது. லேசர் ஓடும்போது உள்ளே நிற்கிற எல்லாரும் காகிள்ஸ் போட்டிருக்க வேண்டும், சரி. ஆனால் காகிள்ஸ் வழியாகத் தூசி தெரியாது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் லேசர் பட்டு அந்த இடம் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் லேசரின் வாயை ஒரு மூடியால் மூடிவிட்டு, காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூடி மூடியிருந்தால் சுவரில் பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கு ஒரு தடவை பொய் சொன்னது. மூடி பாதியில் நின்றிருக்க, விளக்கு பச்சை என்றது. நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை. அன்றுமுதல் விளக்கை நம்ப வேண்டாம், வாய்ச்சொல்லை நம்பலாம் என்று நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பவர் மூடியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு "மூடியாச்சு" என்பார். மேசையில் இருப்பவர் "கேட்டாச்சு" என்பார். அதற்கப்புறம்தான் காகிள்ஸ் நெற்றிக்குப் போகும். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. எங்கள் ஆட்கள் விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

புது மூடியும் புது விளக்கும் வாங்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன், அது உங்களுக்குத் தெரியும். இந்த ஆய்வகத்துக்கும் தலைவன் என்ற முறையில் அதைத் தள்ளிப்போட்டவன் அவன். "நீங்க இருக்கும்போது விளக்கு எதுக்குக்கா?" என்று சிரித்தான்.

லேசர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேசையின் கடைசியில் இருக்கும் ஒரு கறுப்புக் கட்டையில் விழுந்து அடங்கிவிடும். தூசி பார்க்கிறவர்கள் பக்கவாட்டில் நின்று பார்ப்பார்கள். அவன் மட்டும் கட்டைக்குப் பின்னால் போய் நின்று, அதற்கு மேலாகக் குனிந்து, கண்ணாடிக்கு நேரே கழுத்தை நீட்டுவான். அங்கிருந்து பார்த்தால் சின்னத் தூசியும் மின்னும் என்பான். உண்மைதான், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அறை விளக்கையும் அணைத்துவிடுவான். இருட்டில் கண்மணி நன்றாக விரியும்.

கட்டைக்கும் அவன் முகத்துக்கும் இடையில் ஒரு கையகலம் இருந்தது. வழியில் இருக்கும் சாய்வுக் கண்ணாடியைப் பலகையில் உட்கார்ந்தபடியே அசைக்கலாம்; அதைத் தலைமுடி அளவு சாய்த்தால், மேசையின் மறுகோடிக்கு வரும்போது அது ஒரு கையகலம் ஆகிவிடும். கோட்டு அளவு என் நினைவில் இருந்ததால், எவ்வளவு குனிந்தால் கண் எங்கே வரும் என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்த உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு, லேசரை மிகக் குறைத்து, ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். மஞ்சள் வட்டம் தாளின் நடுவில் விழுந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்து மூடுகிற அகலம். தாளைக் கழற்றி மடித்துக் குப்பையில் போட்டேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன்.

அவர்கள் புறப்பட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்று காலை அவனே காரை ஓட்டினான். வழி முழுக்கப் புது இடத்தில் எந்தக் கண்ணாடியை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தான். ஆய்வகத்தில் நானும் அவனும் மட்டும். நான் தடுப்புக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்தேன். லேசர் சூடேறியது. அவன் கட்டைக்குப் பின்னால் போய் நின்றான்.

மூடியை மூடினேன். என் கண்ணால் பார்த்தேன். "மூடியாச்சு" என்றேன்.

"கேட்டாச்சு" என்றான். காகிள்ஸ் நெற்றிக்குப் போனது. விளக்கை அணைத்தான்.

அதைத்தான் நான் திருத்தச் சொல்கிறேன் மேடம். மூடி பழுதாகித் திறந்திருந்தது, சாட்சி குரல் கொடுப்பதற்கு முன்பே அவசரப்பட்டுக் காகிள்ஸை ஏற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. நான் சொன்னேன். அவன் கேட்டான். நான் பொய்யும் சொல்லவில்லை, சொன்ன நேரத்தில் மூடி மூடித்தான் இருந்தது. அந்த வார்த்தையை நான் கெடுக்கவில்லை.

அவன் குனிந்தான். டார்ச் வெளிச்சம் கண்ணாடியின் மேல் மெதுவாகப் போய் வந்தது. உடனே திறக்கவில்லை. கண்மணி விரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை காத்திருந்தேன். "ஓரத்துல ஒரு தூசி இருக்கறாப்ல தெரியுதுக்கா" என்றான். "நல்லா பாரு தம்பி" என்றேன். திறந்தேன், மூடினேன். இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. கண் ஒரு நல்ல லென்ஸ், மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். சாய்வுக் கண்ணாடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எழுந்து ஓடினேன்.

அவன் கத்தவில்லை. "அக்கா, லைட்டைப் போடுங்க" என்றான். போட்டேன். "போட்டீங்களா?" என்றான்.

ஆஸ்பத்திரியில் தங்கை என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். நடிப்பு இல்லை மேடம், பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டர் நடுப்பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார். ஓரத்தில் மங்கலாக ஏதோ அசைவு தெரியுமாம். அவ்வளவுதான்.

தங்கை மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அவன் என் கையைத் தேடிப் பிடித்தான். "அக்கா, பயப்படாதீங்க. நீங்க மூடியாச்சுன்னு சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. நான்தான் அவசரப்பட்டு ஏத்திட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னா உங்க வேலை போயிடும்."

இன்னொரு கையால் அவன் போர்வையைச் சரிசெய்தேன்.

"கை தவறியிருக்கும்க்கா. வேற பட்டனை அழுத்தியிருப்பீங்க. உங்களுக்கும் வயசாகுதுல்ல. விடுங்க" என்றான்.

என் கை தவறியதாம். இந்தக் கை ஒரு தலைமுடி அளவைச் சாய்த்து, மேசையின் மறுகோடியில் இரண்டு கண்மணிக்குள் வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைத்த கை. வேறு பட்டனை அழுத்திவிட்டதாம்.

இப்போது அவர்கள் எங்கும் போகவில்லை. மாடிப்படி சிரமம் என்பதால் கீழ் அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன். தங்கை வேலைக்குப் போகிறாள், பகலில் நான்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன். பேப்பர்களை வாசித்துக் காட்டுகிறேன். "அக்கா, நீ மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்று தங்கை தினம் சொல்கிறாள். வீட்டில் யாரும் யாரையும் விட்டுப் போகிற பேச்சே இல்லை. அதற்காக நான் செய்யவில்லை, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம், தொலைநோக்கியில் பொருத்திய எங்கள் கண்ணாடி எடுத்த முதல் படம் வந்தது. ஒற்றை நட்சத்திரம் என்று எல்லாரும் நினைத்திருந்தது பளிச்சென்று இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அவன் சமையலறை மேசையில் டீ கிளாஸைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எப்படி வந்திருக்குக்கா?" என்றான். ரெண்டும் தனித்தனியா, நடுவுல சுத்தமா கறுப்பு, ஒட்டவே இல்ல என்று சொன்னேன். வெகு நேரம் சிரித்தபடி இருந்தான். அப்புறம், "உங்க கண்ணாடிக்கா அது. உங்க கணக்கு" என்றான்.

இத்தனை வருஷம் கழித்துச் சொன்னான். அடுப்பும் நானும் மட்டும் இருந்த இடத்தில் சொன்னான். அதே வாயால் ஓர் அரங்கத்தில் சொல்லியிருந்தால் இன்று எல்லாரும் நன்றாக இருந்திருப்போம். டீ ஆறிவிட்டது என்று சொல்லி கிளாஸை வாங்கி, சுடவைத்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருப்பேன். உங்கள் அறிக்கையில் கையெழுத்தும் போட்டிருப்பேன். ஆனால் நேற்று டைரக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார், நீங்களும் இருந்தீர்கள். தன் தவறைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட பெருந்தன்மை என்று அவனைப் புகழ்ந்தார். பலகையும் மேசையும் மாறி மாறிக் குரல் கொடுக்கும் அந்த வழக்கத்தை இனி எல்லா ஆய்வகத்திலும் கட்டாயமாக்கி, அதற்கு அவன் பேரை வைக்கப்போவதாகச் சொன்னார். வாசலில் பேர்ப்பலகை மாட்டுவார்களாம். நான் உண்டாக்கிய வழக்கம். தங்கை அவனைக் கைபிடித்து எழுப்பினாள். அவன் எழுந்து கும்பிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். என்னையும் பார்த்து, எழுந்திரு என்று தங்கை கையைக் காட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

கணக்கை எடுத்துக்கொண்டான். வழக்கத்தை எடுத்துக்கொண்டான். கடைசியில் பார்த்தால், அன்று அந்த மேசையில் நடந்ததையும் தன் பேரில் எழுதிக்கொண்டான். என் பங்குக்கு மிச்சம் விட்டது கைதவறல் ஒன்றுதான்.

அதனால் திருத்தி எழுதுங்கள். மூடி பழுதாகவில்லை. அவன் அவசரப்படவில்லை. என் கை தவறவில்லை. சாய்வைக் கணக்கிட்டது நான், தாளைக் கட்டிப் பார்த்தது நான், மூடியாச்சு என்று சொல்லித் திறந்தது நான். யாரும் உதவவில்லை, அதனால் நன்றி வரி எதுவும் வேண்டாம். சாட்சி என்ற இடத்தில் என்னைப் போடாதீர்கள், அது கீழே இருக்கிறது. மேலே, முதல் வரியில், இனிஷியலோடு முழுப் பேரும் வரட்டும். வேறு யார் பேரும் பக்கத்தில் வேண்டாம்.

எழுதியாயிற்றா? கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள் மேடம். பேர் வரைக்கும் படித்தால் போதும்.